மூன்று நாள் ஏற்காடு யோகா முகாம்: போகலாமா, என்னென்ன கேட்டுவிட்டுப் போகவேண்டும்?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எனக்கு 46 வயது. அம்மா பக்கவாதம் வந்து மூன்று வருடம் படுக்கையில் இருந்தார்கள், நான்தான் பார்த்துக்கொண்டேன். போன ஐப்பசியில் தவறிவிட்டார்கள். எட்டு மாதம் ஆகியும் ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அதற்குமேல் தூக்கமே இல்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், முழங்கால் வலியும் உண்டு. ஏற்காட்டில் மூன்று நாள் யோகா முகாம், தங்கிச் சாப்பிட்டு 14,000 ரூபாய், போய் வந்தால் புது மனுஷியாகிவிடுவாய் என்று தோழி கூப்பிடுகிறாள். 'மூச்சு இழுத்து விட மலை ஏறணுமா, மொட்டை மாடியில் செய்' என்கிறார் வீட்டுக்காரர். யோகா இதுவரை செய்ததே இல்லை. போகலாமா?"

முதலில் அந்த 2 மணி விழிப்பைப் பற்றிப் பேசிவிடலாம், முகாம் அப்புறம்.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும், இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். மூன்று வருடம் அதைச் செய்திருப்பீர்கள். ஆரம்பத்தில் அலாரம் வைத்து எழுந்திருப்பீர்கள், கொஞ்ச நாளில் அலாரமே தேவைப்பட்டிருக்காது, ஒரு சின்ன முனகல் கேட்டாலே கால் தரையில் இருந்திருக்கும். அம்மா இப்போது இல்லை என்பது உங்கள் மனதுக்குத் தெரியும், உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. 2 மணிக்கு அது பழக்கப்படி எழுந்து உட்கார்ந்து காது கொடுக்கிறது, அந்தப் பக்கத்தில் சத்தம் இல்லை, அதற்குப் பிறகு தூக்கம் எப்படி வரும்? நான் சேலத்தில் பத்தொன்பது வருடமாக யோகா சொல்லிக்கொடுக்கிறேன், பெரியவர்களைப் பார்த்துக்கொண்டு ஓய்ந்துபோன பெண்கள் நிறையப் பேர் இதே நேரக் கணக்கைச் சொல்லி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இது பலவீனம் இல்லை, பைத்தியமும் இல்லை.

அதோடு, 46 வயது என்பதால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் நிற்கப் போகும் வருடங்களிலும் நடு ராத்திரி விழிப்பு வரும், தைராய்டு கூடியிருந்தாலும் வரும். பிரஷர் மாத்திரையில் சிறுநீரைக் கூட்டும் மருந்து கலந்திருந்து அதை ராத்திரி சாப்பிட்டால், பாத்ரூமுக்கே எழுப்பும். முகாமுக்கு அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் ஒரு தடவை போய், இந்த மூன்றையும் கேளுங்கள். மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள்.

சரி, போகலாமா? போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் தோழி சொல்கிற காரணத்துக்காக இல்லை.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. மூக்கின் ஒரு துளையில் இழுத்து மறு துளையில் விடும் நாடிசுத்தி, மொட்டை மாடியிலும் அதே நாடிசுத்திதான், மலையில் செய்தால் தனிச் சக்தி எதுவும் கூடிவிடாது. அவர் கணக்கில் விட்டுப்போனது வீடு. மொட்டை மாடியில் நீங்கள் கண்ணை மூடி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, கீழே குக்கர் விசில் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள், கேஸ்காரர் மணி அடிப்பார், "அம்மா, என் ஐடி கார்டு எங்கே" என்று ஒரு குரல் வரும். மூன்று வருடமாக யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்த உடம்புக்கு, யாரும் கூப்பிடாத மூன்று நாள் தேவைப்படுகிறது. மலைப் பயணம் கொடுப்பது அதைத்தான், கூடவே கொஞ்சம் குளிரையும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர் வாக்கில். 30 கிலோமீட்டர் தூரத்தில், 20 கொண்டை ஊசி வளைவில், ஏழெட்டு டிகிரி வெப்பம் குறைந்துவிடும். வெயிலில் வெந்த சேலத்து உடம்புக்கு அந்தக் குளிரே பாதித் தூக்கம். இந்த உயரத்தால் பிரஷர்காரர்களுக்குப் பொதுவாக மூச்சுத் தொந்தரவு வராது, பயப்படவேண்டாம்.

'உங்களை நீங்களே கண்டடையுங்கள்' என்று முகாம் நோட்டீஸ்களில் போட்டிருப்பார்கள். நானும் மலையில் முகாம் நடத்தியிருக்கிறேன். இரண்டாம் நாள் மதியம் பெரும்பாலானவர்கள் கண்டடைவது, தாங்கள் எவ்வளவு களைத்துப் போயிருக்கிறோம் என்பதைத்தான். அதுவே பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. மல்லாந்து அசையாமல் கிடக்கும் சவாசனத்தில் படுக்க வைத்து "வலது கால் பெருவிரலைத் தளர்த்துங்கள்" என்று ஆரம்பித்தால், முழங்காலுக்கு வருவதற்குள் சிலருக்குக் கண்ணிலிருந்து காதுப் பக்கம் தண்ணீர் இறங்கும். சத்தம் இருக்காது. உங்களுக்கும் நடக்கலாம். அழுதுவிடுங்கள், துடைத்துக்கொண்டு எழுந்து சாப்பிடப் போங்கள். அப்போது பக்கத்தில் வந்து "உங்கள் கர்மா கழிகிறது" என்று விளக்கம் சொல்கிற ஆசிரியரைவிட, போர்வையைச் சரியாகப் போர்த்திவிட்டு நகர்ந்துபோகிற ஆசிரியர் நல்லவர்.

இதே காரணத்தால் ஒன்று சொல்கிறேன். பத்து நாள் விபாசனா தியானம் மாதிரி முழு மௌன முகாமுக்கு யாராவது கூப்பிட்டால் இந்த வருடம் வேண்டாம். தியான ஆசிரியர் கோயங்காவின் வழியில் நடக்கும் அந்த முகாம்களுக்குக் கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விருப்பப்பட்டால் நன்கொடை கொடுப்பதுதான் முறை. நல்ல பயிற்சி, மதிப்பு வைத்திருக்கிறேன். ஆனால் காலை 4 மணிக்கு எழுந்து, போனை ஒப்படைத்துவிட்டு, நாள் முழுக்கப் பேசாமல் உட்காரும்போது புதைத்து வைத்ததெல்லாம் மேலே வரும். தூக்கமும் இல்லாமல் துக்கமும் ஆறாமல் இருப்பவருக்கு அது முதல் படி ஆகாது. மென்மையான ஆசனம், மூச்சு, நடை, தூக்கம், இந்த அளவுதான் இப்போதைக்கு.

முகாம்காரர்களுக்குப் போன் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பணம் எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், உங்களுக்கு என்ன உடல் தொந்தரவு இருக்கிறது என்று கேட்கிறார்களா? கேட்டால் நல்ல அடையாளம். கேட்கவில்லையென்றால் நீங்களே பிரஷரையும் முழங்காலையும் சொல்லிப் பாருங்கள். "எல்லாம் இங்கே வந்தால் சரியாகிடும், மாத்திரையே தேவைப்படாது" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது. மூன்று நாளுக்கு ஐந்து நாள் மாத்திரை எடுத்துப் போங்கள், மழையில் மலைப்பாதை மூடினால் இறங்க முடியாமல் போகலாம்.

அப்புறம், யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், எங்கே படித்தவர், ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். யோகா, இயற்கை மருத்துவத்துக்கு ஐந்தரை வருடப் பட்டப்படிப்பே இருக்கிறது, அது படித்த டாக்டர் உடன் இருந்தால் ரொம்ப நல்லது. இல்லாவிட்டாலும், இருபது பேருக்குமேல் இருந்தால் புதிதாகச் செய்பவரின் முழங்காலை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். நாள் அட்டவணையை அனுப்பச் சொல்லுங்கள். காலை 5 மணியிலிருந்து ராத்திரி 9 வரை வகுப்பு, நடுவில் பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், படகுச் சவாரி என்று நிரப்பியிருந்தால் அது சுற்றுலா, போய் வந்து இன்னும் களைத்துப் போவீர்கள். மதியம் இரண்டு மூன்று மணி நேரம் வெறுமனே விட்டிருக்கவேண்டும். தனி அறை கேளுங்கள், கூடுதல் பணம் ஆனாலும். தோழி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பக்கத்தில் ஒருவர் மூச்சு விடும் சத்தம் கேட்டால் உங்கள் காது 2 மணிக்கு மறுபடி வேலை பார்க்கும். வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள், முழங்கால் வலிக்கு அது முக்கியம்.

வகுப்பில் தலைகீழாக நிற்கும் சிரசாசனம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். வயிற்றை வேகமாக உதறி மூச்சு விடும் கபாலபாதியும் பஸ்திரிகாவும் வேண்டாம், மூச்சை உள்ளே நிறுத்தி வைக்கும் கும்பகமும் வேண்டாம், எல்லாம் பிரஷர் இருப்பவர்கள் தவிர்க்கவேண்டியவை. உப்புத் தண்ணீர் குடித்து வாந்தி எடுக்கும் கிரியைக்கு வரிசையில் நிற்க வைத்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். முழங்காலை மடித்துக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனத்தில் உட்காரச் சொன்னால் நாற்காலி கேளுங்கள், நாற்காலியில் செய்தாலும் அது யோகாதான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அப்பா இறந்த வருடம் நான் வெளியூரில் ஒரு முகாமுக்குப் போனேன். மற்றவர்கள் எல்லாம் செய்கிறார்களே என்று கபாலபாதியை மூன்று சுற்று முக்கி முக்கிச் செய்து, எழுந்து நின்றபோது கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் அப்போதே ஆசிரியை. எனக்கே 'முடியாது' என்று கையைத் தூக்கத் தோன்றவில்லை. நீங்கள் கையைத் தூக்குங்கள்.

பெரும்பாலான முகாம்களில் காபி கொடுக்க மாட்டார்கள், சுக்குத் தண்ணீரோ மூலிகை டீயோதான். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறி, கீழே காபிச் செடி நிற்கும் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு காபி இல்லாமல் இருப்பது பழகியவர்களுக்குக் கஷ்டம்தான். தினம் மூன்று டம்ளர் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும், இரண்டாம் நாள் மண்டை பிளக்கும். அதைப் பிரஷர் ஏறிவிட்டது என்று நினைத்துப் பயந்து பாதியில் இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே குறைத்துக்கொண்டே வாருங்கள், மதியத்துக்கு மேல் காபி வேண்டாம் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

காலம் எது? மே மாதம் கோடை விழா நேரத்திலும் சனி ஞாயிறிலும் ஏரியைச் சுற்றி வண்டி நகராது, அமைதி தேடிப் போனவர் ஹாரன் சத்தத்தில் உட்கார்ந்திருப்பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிவு வரும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையே பழுதாகிவிட்டது. வார நாளாகப் பாருங்கள், தை மாசி நல்லது, இப்போது ஆடி ஆவணியிலும் பரவாயில்லை, ஸ்வெட்டர் கட்டாயம். பங்குனி வாக்கில் கோடை மழை ஒன்று விழுந்து ஒரு வாரம் பத்து நாளில் காபி பூக்கும், கிளை முழுக்க வெள்ளையாக, மல்லிகை மாதிரி வாசனையோடு. இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அந்த நேரம் வாய்த்தால் வகுப்பை விட்டுவிட்டுக்கூட நடந்துவிட்டு வாருங்கள்.

இப்போது, இன்று ராத்திரியிலிருந்தே செய்யவேண்டியது. இதை முகாமுக்கு முன்னால் இரண்டு வாரம் செய்யுங்கள். நாற்காலியில் முதுகு சாய்ந்து உட்கார்ந்து, இடது மணிக்கட்டில் வலது கையின் மூன்று விரலை வைத்து நாடியைத் தொட்டுப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும். வேகஸ் என்ற நரம்பு, மூச்சு வெளியே போகும்போது இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது, உங்கள் விரலுக்கே அது தெரியும். அதனால் விடும் மூச்சை நீளமாக்குங்கள்: நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். ஐந்து நிமிடம். பிறகு வாயை மூடி, வண்டு மாதிரி 'ம்ம்ம்' என்று ஏழெட்டுத் தடவை, அதுதான் பிராமரி, உதடும் மேல் தாடையும் அதிர்வது தெரியவேண்டும். அதற்குப் பிறகு முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் பத்து நிமிடம் சவாசனம். 2 மணிக்கு விழித்தாலும் மணி பார்க்காமல் இதையே செய்யுங்கள்.

இரண்டு வாரம் செய்தும் ஒன்றுமே மாறவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பே இல்லை, இருந்து என்ன பயன் என்று நினைப்பு வருகிறது என்றால் முகாமைத் தள்ளி வையுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, நேராகப் போகலாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அது அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. அந்த 2 மணிக்குக்கூட.

கடைசியாகத் திரும்பி வரும் நாள். நான் சொன்ன அந்த முகாமிலிருந்து இறங்கி வரும்போதே போனை ஆன் செய்து, பஸ்ஸிலேயே எல்லாருக்கும் பதில் போட்டு, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பையனிடம் கத்தினேன். மூன்று நாள் ஓய்வு அன்று சாயங்காலமே போய்விட்டது. அதனால் வியாழன் இறங்குவதாக இருந்தால் வெள்ளிக்கிழமையையும் சேர்த்து நான்கு நாளாகக் கணக்குப் போடுங்கள். அன்றைக்கு டிபன் பாக்ஸ் கட்டுவதும், தண்ணீர் வருகிற நேரத்துக்கு மோட்டார் போடுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அம்மா படுத்திருந்த அறையில் கட்டில் இன்னும் அப்படியே இருந்தால், அதை எடுப்பதா வைப்பதா என்பதையும் அவரோடு சேர்ந்து பேசுங்கள். அது ஒழிந்தால் அந்த ஜன்னல் ஓரத்தில் பாய் விரிக்க இடம் கிடைக்கும், மொட்டை மாடிவரை ஏறவேண்டாம்.