வாசகர் கேள்வி: 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலும் நம் அன்றாடமும்

கேள்வி: பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை அன்றாட வாழ்க்கையோடு இணைத்துக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். 'அறிவியல் எல்லை மீறினால் ஆபத்து' என்று எழுதினேன். 'இது நாவலில் எங்கே இருக்கிறது?' என்று பேராசிரியை திருப்பித் தந்துவிட்டார். எப்படித் திருத்துவது?
– மாணவி, திருச்சி

பதில்: கருத்தை முடிவுசெய்துவிட்டு நாவலுக்குள் போனால் இப்படித்தான் ஆகும். முதலில் ஒரே ஒரு காட்சியை எடுங்கள். அதில் யார் என்ன செய்கிறார், எதைச் செய்யாமல் விடுகிறார் என்று நான்கு வரி எழுதுங்கள். வாழ்க்கை உதாரணம் அதன் பிறகுதான்.

ஐந்தாம் அத்தியாயத்தைப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டு உழைத்து நாவலின் நாயகன் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய உயிர் கண் திறக்கிறது. அதன் தோற்றத்தைக் கண்டு ஓடுகிறான். அது படுக்கையருகே வந்து கை நீட்டுகிறது, மறுபடியும் ஓடுகிறான். மறுநாள் அறை காலியாக இருப்பதைப் பார்த்ததும் கைதட்டி மகிழ்கிறான். அது எங்கே போனது என்று தேடவே இல்லை. அதுவரை அந்த உயிர் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆக, பெரிய தவறு படைத்ததைக் காட்டிலும் கைவிட்டதில் இருக்கிறது. பின்னால் அந்த உயிர் முதலில் கொல்வது விக்டரின் சின்னத் தம்பி வில்லியமை.

தண்ணீர் வரவில்லை என்று மூடாமல் விட்ட ஆழ்துளைக் கிணற்றை இங்கே கொண்டுவரலாம். 2019-இல் மணப்பாறை அருகே ஒரு குழந்தையை இழந்தோமே! தோண்டியவர் அதை மறந்துவிடுகிறார். விலை கொடுப்பது குழந்தை. ஆனால் கிணற்றுக்கு மனம் கிடையாது. அந்த உயிருக்கு உண்டு. ஒப்புமை எங்கே நின்றுபோகிறது என்பதையும் எழுதினால்தான் கட்டுரை நிற்கும்.

எட்டாம் அத்தியாயம் இன்னும் நெருக்கமானது. விக்டரின் வீட்டில் வேலை செய்யும் ஜஸ்டினின் உடைப் பையில், கொலையுண்ட வில்லியம் அணிந்திருந்த சிறு படம் கிடைக்கிறது. அவள்தான் கொலைகாரி என்று தீர்ப்பாகிறது. பாவமன்னிப்பு வழங்க வந்த பாதிரியார் நரகத்தைச் சொல்லி மிரட்ட, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். கொன்றது யார் என்று விக்டருக்குத் தெரியும். சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை, அவளைத் தூக்கிலிடுகிறார்கள். நகை காணோம் என்றதும் வேலைக்கார அம்மாவின் பையைக் கொட்டிப் பார்க்கும் வீடுகளில், உண்மை தெரிந்தும் பேசாமல் நிற்பவரைப் பற்றி எழுதுங்கள். எனக்கு இதுவே அருமையான தலைப்பாகப் படுகிறது.

1931-இல் வந்த படத்தை நம்பி எழுதாதீர்கள். குற்றவாளியின் மூளை பொருத்தப்பட்டது என்பது படம் சேர்த்தது. படத்தில் அந்த உயிர் உறுமுகிறது. நாவலிலோ ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் படித்துவிட்டு வாதாடுகிறது.

கேள்வி: கடையில் இரண்டு பதிப்பு இருக்கிறதே, எதை வாங்குவது?
– வாசகர், கரூர்

பதில்: 1818 பதிப்பு மூன்று பாகம், மொத்தம் 23 அத்தியாயம். 1831-இல் ஷெல்லி திருத்தியது 24 அத்தியாயம். அதில் விதியின் பங்கு கூடி, விக்டரின் பொறுப்பு சற்றுக் குறைந்து தெரியும். பொறுப்பைப் பற்றி எழுத 1818 பொருத்தம். மேலே நான் சொன்ன அத்தியாய எண்கள் 1831 பதிப்புக்கு உரியவை. எதிலிருந்து மேற்கோள் காட்டினாலும் ஆண்டைக் குறிப்பிடுங்கள்.