எரித்த உடலும் உயிர்த்தெழுமா?
உயிர்ப்பு குறித்து வாசகர் கேள்விகள்

இயேசு எழுப்பிய இலாசரும்தான் கல்லறையிலிருந்து எழுந்து வந்தார். இயேசுவின் உயிர்ப்பில் மட்டும் என்ன தனிச்சிறப்பு?
- வாசகர், தூத்துக்குடி

யோவான் நற்செய்தியின் 11, 20 ஆகிய இரு அதிகாரங்களையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். இலாசர் வெளியே வரும்போது கை கால்கள் கட்டப்பட்டிருக்கின்றன, முகம் மூடியிருக்கிறது. கட்டுகளைப் பிறர்தான் அவிழ்த்துவிட வேண்டியிருந்தது. இயேசுவின் கல்லறையிலோ துணிகள் அப்படியே கிடக்கின்றன. தலையை மூடியிருந்த துண்டு தனியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இலாசர் பழைய வாழ்வுக்கே திரும்பினார், மறுபடியும் இறக்க வேண்டியவர். இயேசுவோ இனிச் சாவே இல்லாத வாழ்வுக்குள் சென்றார் (உரோமையர் 6:9). அதற்காக அவர் வெறும் ஆவியும் அல்ல. சீடர் கண்முன்னே மீன் துண்டை உண்டார்; தோமாவுக்குக் காட்டிய காயங்கள் அந்த உடலில் இருந்தன. நம் நம்பிக்கை ஆன்மாவோடு நின்றுவிடுவதில்லை, உடலையும் சேர்த்தது என்று சொல்ல இதுவே ஆதாரம்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. கத்தோலிக்கர் தகனம் செய்யலாமா? எரித்த உடல் எப்படி உயிர்த்தெழும்? அஸ்தியைக் கடலில் கரைக்கலாமா?
- வாசகி, சென்னை

தகனம் செய்யலாம். திருச்சபை 1886-இல் அதைத் தடை செய்ததற்குக் காரணம் நெருப்பு அல்ல. உயிர்ப்பை மறுத்தவர்கள் அந்த மறுப்பின் அடையாளமாகத் தகனத்தைப் பரப்பியதே காரணம். 1963-இல் தடை தளர்ந்தது. இன்றும் அடக்கத்துக்கே முதலிடம். ஆனால் இடமில்லாமையோ செலவோ காரணமாக எரிப்பதில் தவறில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி மிகப் பழையது. கி.பி. 177-இல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில், நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்ட மறைசாட்சிகளின் உடல்களை எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கொட்டினார்கள். இனி இவர்கள் எப்படி எழுவார்கள், பார்க்கலாம் என்பதே கொன்றவர்களின் எண்ணம். கிறிஸ்தவர்கள் அதற்காக நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவில்லை. மண்ணில் மட்கிய உடலும் கடைசியில் மண்தானே? எழுப்புகிறவர் கடவுள், எஞ்சியிருக்கும் எலும்பை நம்பி அவர் செயல்படுவதில்லை.

செய்முறைக்கு வருவோம். முதலில் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். உடலைக் கோவிலுக்குக் கொண்டுவந்து அடக்கத் திருப்பலி நிறைவேற்றியபின் மின்மயானத்துக்குக் கொண்டுபோவது நல்லது. சாம்பலை மூடிய கலசத்தில் பெற்று, தாமதிக்காமல் கல்லறையில் வையுங்கள். குடும்பக் கல்லறை ஏற்கெனவே இருந்தால் கலசத்துக்கு அதிலேயே இடம் கிடைக்கும். 2016-இல் வத்திக்கான் வெளியிட்ட நெறிமுறைப்படி கடலிலோ ஆற்றிலோ கரைப்பதும், காற்றில் தூவுவதும், பிள்ளைகளுக்குள் பங்கிட்டுக்கொள்வதும் கூடாது. வீட்டில் வைப்பதும் பொதுவாகக் கூடாது. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது: வெளிநாட்டிலிருந்து ஒரு பிள்ளை வரட்டும் என்று கலசத்தை அலமாரியில் வைப்பார்கள், பிறகு யாருமே எடுக்க மாட்டார்கள். போய் நின்று செபிக்க ஓர் இடம் வேண்டும். பெயர் பொறித்த அந்த இடம் பேரப்பிள்ளைகளுக்கும் வேண்டும்.

உயிர்ப்பை நம்புகிறவர்கள் சாவு வீட்டில் அழலாமா?
- வாசகர், நாகர்கோவில்

தாராளமாக. இலாசரை எழுப்பப் போகிறவரே முதலில் கண்ணீர் விட்டார் (யோவான் 11:35). துக்க வீட்டில் 'அழாதீங்க' என்று வாயடைக்காதீர்கள்.

ஈஸ்டர் முடிந்த மறுநாளே எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. வீட்டில் என்ன செய்யலாம்?
- வாசகி, திருச்சி

தவக்காலம் 40 நாள் என்றால், ஈஸ்டரில் தொடங்கும் பாஸ்கா காலம் தூய ஆவியார் இறங்கிய பெந்தக்கோஸ்து விழா வரை 50 நாள். அந்த நாள்களில் மூவேளை செபத்துக்குப் பதில் மரியாவை நோக்கிய 'விண்ணக அரசியே' செபத்தைச் சொல்லுங்கள். தினமும் திருத்தூதர் பணிகளில் ஒரு பகுதியை வாசியுங்கள். ஈஸ்டர் இரவுத் திருவிழிப்பில் மந்திரித்த தண்ணீரை மூடியுள்ள சின்னப் புட்டியில் வையுங்கள்; திறந்து வைத்தால் தூசும் கொசுவும் சேரும். மீந்ததைச் சாக்கடையில் விடாமல் செடிக்கு ஊற்றுங்கள்.

இவற்றைவிடக் கடினமான ஒன்றும் உண்டு. உயிர்த்த அன்று மாலையே இயேசு சீடருக்குப் பாவம் மன்னிக்கும் அதிகாரத்தைத் தந்தார். ஆகவே இந்த 50 நாளுக்குள், பேச்சுவார்த்தை நின்றுபோன ஓர் உறவினர் வீட்டுக்குப் போய்வாருங்கள். போனதும் பழைய கணக்கைக் கிளறினால் காரியம் கெட்டுவிடும். தம்மைத் தெரியாது என்று பேதுரு மூன்று முறை மறுதலித்ததைப் பற்றி இயேசு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. முதலில் கரையில் காலை உணவு கொடுத்தார். அதன்பின்தான் 'என்மீது அன்பு உண்டா' என்றார். சொத்து வழக்கு இருந்தால் அது தன் போக்கில் நடக்கட்டும். நல்லது கெட்டதுக்குப் போய்வர அது தடையாக வேண்டாம்.