பழகிய பேப்பர் நின்றுபோனால் மாற்று எது?

கேள்வி: நாலு வருடமாகச் செட்டிநாட்டு வீடுகளைப் படமெடுத்து, எப்சன் பி900 பிரிண்டரில் நானே அச்சிட்டு விற்கிறேன். ஒரு படத்துக்கு 30 பிரதி என்று அறிவித்திருந்தேன். 12 விற்றுவிட்டது. இதுவரை பயன்படுத்தியது 310 ஜிஎஸ்எம், நூறு சதவீதப் பருத்தி, வழுவழுப்பான, பளபளப்பில்லாத மேட் பேப்பர். அது இனி வராது என்கிறார் விற்பனையாளர். ஏ2 அளவில் ஏழு தாள்தான் கையில் இருக்கிறது. "இதுவும் அதே 310 ஜிஎஸ்எம்தான், இன்னும் வெள்ளையாக இருக்கும், விலையும் குறைவு" என்று வேறொன்றைக் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: முதலில் அந்த ஏழு தாளையும் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். இன்றைக்கு அதில் எதையும் அச்சிட வேண்டாம். மாற்றுப் பேப்பரைத் தேர்ந்தெடுக்க உங்களிடம் இருக்கும் ஒரே அளவுகோல் அதுதான். அது தீர்ந்துவிட்டால் நினைவை வைத்துத்தான் ஒப்பிட வேண்டியிருக்கும். நிறத்தைப் பொறுத்தவரை நினைவை நம்ப முடியாது.

'அதே 310 ஜிஎஸ்எம்' என்பதில் பெரிய தகவல் ஒன்றும் இல்லை. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, அவ்வளவுதான். கான்சன் நிறுவனத்தின் ரேக் ஃபோட்டோகிராஃபீக் 310 ஜிஎஸ்எம்மில் கிடைக்கிறது. அதே நிறுவனத்தின் பிளாட்டின் ஃபைபர் ரேக்கும் 310தான். முதலாவது மேட், இரண்டாவது பழைய டார்க்ரூம் பிரிண்ட் மாதிரி மினுமினுக்கும். ஹானமூலேயின் ஜெர்மன் எட்சிங்கும் 310. அதில் பருத்தியே கிடையாது, மரக்கூழிலிருந்து எடுக்கும் ஆல்ஃபா செல்லுலோஸ், மேற்பரப்பும் சொரசொரப்பு. எடை ஒத்துப்போனால் கையில் பிடிக்கும்போது ஏறக்குறைய அதே கனம் தெரியும். படம் ஒத்துப்போகும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

என்னைக் கவலைப்படுத்துவது 'இன்னும் வெள்ளை' என்ற சொல்தான்.

உங்கள் பிரிண்டரில் வெள்ளை இங்க் கிடையாது. முற்றத்தில் வெயில் விழும் சுண்ணாம்புச் சுவர், திண்ணைத் தூணின் மேல் விளிம்பு, வாசல் கோலம், இவையெல்லாம் இங்க் படாத, அல்லது மிகக் கொஞ்சமாகப் பட்ட பேப்பர்தான். பேப்பர்தான் உங்கள் சுவர். பேப்பரின் வெள்ளை மாறினால் சுவர் மாறுகிறது, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் மற்ற எல்லா நிறமும் கூடவே நகர்கிறது. அதனால் மாற்றுத் தேடும்போது நான் முதலில் ஒப்பிடுவது வெள்ளையை. அப்புறம் மேற்பரப்பு, அப்புறம் கறுப்பு. எடை, விலை எல்லாம் அதற்கும் பிறகுதான்.

'இன்னும் வெள்ளை' என்று விற்கும் பேப்பர்களில் பெரும்பாலும் ஆப்டிகல் பிரைட்னர் என்ற பொருள் சேர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடுவது அதன் வேலை. சலவைத் தூளில் கலப்பதும் இந்த வகைதான். சொட்டு நீலம் போட்ட வேட்டி பளிச்சென்று தெரிவது போல இந்தப் பேப்பரும் தெரியும். ஆனால் அந்தப் பளிச்சுக்குப் புறஊதாக் கதிர் வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் அது இருக்கிறது. சாதாரண எல்இடி பல்பில் அநேகமாக இல்லை. ஆகவே பிரைட்னர் உள்ள பேப்பரும் இல்லாத பேப்பரும் ஒரு அறையில் ஒத்துப்போகும், அடுத்த அறையில் ஒத்துப்போகாது. போதாததற்கு, வெளிச்சம் பட்டுப் பட்டு வருடக்கணக்கில் பிரைட்னர் தன் சக்தியை இழக்கும். அப்போது பேப்பர் தன் பழைய மஞ்சள் சாயலுக்குத் திரும்பும்.

நான் இதை ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வீட்டு ஹாலுக்கு ஆறு படம் செய்துகொண்டிருந்தபோது பாதியில் பேப்பர் தீர்ந்துவிட்டது. கடைசி இரண்டை வேறு பேப்பரில் போட்டேன். என் மேஜை விளக்கில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மாட்டிய மறுநாள் காலை அந்த வீட்டு அம்மா கூப்பிட்டு, "இந்த ரெண்டு மட்டும் ஏன் நீலமா இருக்கு?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். கிழக்கு ஜன்னல் வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது. இரண்டையும் திரும்பப் போட்டுக் கொடுத்தேன்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் சின்ன யூவி டார்ச் போதும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, மேஜையில் உங்கள் பழைய தாள், விற்பனையாளர் காட்டும் தாள், ஒரு சாதா ஜெராக்ஸ் பேப்பர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டார்ச்சை அடியுங்கள். ஜெராக்ஸ் பேப்பர் நீலமாகக் கொழுந்துவிட்டு ஒளிரும். பிரைட்னர் இல்லாத பருத்தித் தாள் மங்கலாக, கருநீல நிழல் போலக் கிடக்கும். புதுத் தாள் இந்த இரண்டில் எதன் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பழைய தாள் மங்கலாகக் கிடந்து புதியது ஒளிர்ந்தால், என்ன விலை சொன்னாலும் இந்தப் படத்துக்கு அது வேண்டாம். பிரைட்னர் என்றாலே தப்பு என்று நான் சொல்லவில்லை. குளிர்ந்த சாயல் வேண்டும் என்று புதிதாகத் தொடங்கும் கறுப்பு வெள்ளைத் தொடருக்கு அது பொருத்தமாகவே இருக்கும். பாதி விற்ற தொடரின் நடுவில் அதைக் கொண்டுவருவதுதான் தப்பு.

பழைய தாள் மங்கலாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, நான் வரவழைத்துப் பார்க்கச் சொல்லும் தாள்கள் மூன்று. கான்சன் ரேக் ஃபோட்டோகிராஃபீக் 310: நூறு சதவீதப் பருத்தி, பிரைட்னர் இல்லை, மிக வழுவழுப்பு. பிரைட்னர் இல்லாத தாளுக்கு இது நல்ல வெள்ளை. எப்சன் ஹாட் பிரஸ் நேச்சுரல், 330 ஜிஎஸ்எம்: இதுவும் பருத்தி, பிரைட்னர் இல்லை, சாயல் இன்னும் கொஞ்சம் இதமான பக்கம். வாங்கும்போது 'நேச்சுரல்' என்ற சொல்லைப் பார்த்து வாங்குங்கள். அதே வரிசையில் 'பிரைட்' என்று வருவதில் பிரைட்னர் உண்டு. மோவாப் எண்ட்ராடா ரேக் நேச்சுரல், 300 ஜிஎஸ்எம்: பருத்தி, இரண்டு பக்கமும் இங்க் பிடிக்கும் கோட்டிங் உள்ளது. எல்லோரும் உடனே சொல்லும் பெயர் ஹானமூலே ஃபோட்டோ ரேக் 308. அருமையான தாள்தான். ஆனால் அதில் கொஞ்சம் பிரைட்னர் இருக்கிறது, மேற்பரப்பிலும் தொட்டால் தெரியும் லேசான மயிர்த்தன்மை உண்டு. அதனால் உங்கள் பட்டியலில் நான்காவதாகத்தான் வைப்பேன்.

முழுப் பெட்டி வாங்காதீர்கள். கான்சனும் ஹானமூலேயும் தங்கள் வகைகளில் ஒவ்வொன்றிலும் ஓரிரு ஏ4 தாள் போட்டு மாதிரிப் பொதி விற்கிறார்கள். மற்றவற்றுக்கு விற்பனையாளரிடம் இரண்டு தாள் கேளுங்கள். பல பேர் தருவார்கள்.

மேற்பரப்பைப் பார்க்க, தாளைத் தட்டையாக வைத்து, ஓரத்திலிருந்து மேஜைக்குச் சமமாக டார்ச் அடியுங்கள். மேலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரிந்த இரண்டு தாள்கள் இந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் வேறு வேறு நிலமாகத் தெரியும். ஒன்றில் மணல் பரப்பு, ஒன்றில் பூசிய சுவர். கண்ணாடி போட்டு மாட்டும் படத்தில் இது கொஞ்சம் மறையும். நீங்கள் கண்ணாடியில்லாமலும் விற்பதாக இருந்தால் மறையாது.

இனி அச்சுச் சோதனை. பழைய ஏ2 தாளில் ஒன்றை மட்டும் நாலாக வெட்டி ஏ4 ஆக்குங்கள். வெட்ட மனசு வராது, தெரியும். ஆனாலும் வெட்டுங்கள். ஒரே சோதனைக் கோப்பைப் பழைய தாளிலும் புதிய தாள்களிலும் அதே நாளில் அச்சிட வேண்டும். கோப்பில் என்ன இருக்க வேண்டும்? வெள்ளையிலிருந்து கறுப்புவரை 21 படிகள் கொண்ட சாம்பல் பட்டை ஒன்று. மீதி இடத்தில் உங்கள் படத்திலிருந்தே மூன்று துண்டுகள்: வெயில் படும் சுவர், ஆத்தங்குடித் தரையின் சிவப்பும் பச்சையும், தேக்குக் கதவுக்குப் பின்னால் இருக்கும் இருட்டு. மேட் தாளின் பலவீனம் அந்த இருட்டில்தான் தெரியும். மேட்டில் கிடைக்கும் கறுப்பின் அடர்த்தி 1.6, 1.7 அளவில் நிற்கும். பரைட்டா என்ற, பேரியம் சல்பேட் பூசிய மினுமினுப்பான வகையில் 2.3-ஐத் தாண்டும். அதனால்தான் பரைட்டாவுக்கு மாறச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் இந்தத் தொடருக்கு வேண்டாம் என்கிறேன். ஆழமான கறுப்பு கிடைக்கும், ஆனால் அது வேறு படம். மேட்டுக்குள்ளேயே கோட்டிங்கைப் பொறுத்து வித்தியாசம் வரும். சாம்பல் பட்டையின் கடைசி நாலு படியைப் பாருங்கள். பழைய தாளில் பிரிந்து தெரிந்த படிகள் புதியதில் ஒட்டிக்கொண்டால் உங்கள் கதவு இருட்டில் கரைந்துவிடும்.

ஒவ்வொரு தாளுக்கும் அந்தந்த நிறுவனம் உங்கள் பிரிண்டருக்கென்று தரும் ஐசிசி ப்ரொஃபைலை, அதாவது அந்தத் தாளில் நிறம் சரியாக விழ வழிகாட்டும் கோப்பை, இறக்கிக்கொள்ளுங்கள். பழைய தாளின் ப்ரொஃபைலில் புதுத் தாளைச் சோதித்தால் அந்தச் சோதனை செல்லாது. கூடவே வரும் குறிப்பில் பிரிண்டர் அமைப்பில் எந்த மீடியா டைப் (தாள் வகை) வைக்க வேண்டும் என்று இருக்கும். அதை அப்படியே வையுங்கள். எவ்வளவு இங்க் விழ வேண்டும், எந்தக் கறுப்பு போக வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்தத் தேர்வுதான். மீடியா டைப் மாறினால் ப்ரொஃபைல் வீண். கடைசியில் ஒரு தாளை முடிவு செய்தபிறகு, அதற்கு மட்டும் யாரிடமாவது தனி ப்ரொஃபைல் செய்துகொண்டால் நல்லது. சோதனைக்கு நிறுவனத்தினுடையதே போதும்.

அச்சிட்டதும் ஒப்பிட வேண்டாம். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பிறகு சாம்பல் நிற அட்டையில் ஒரே அளவில் இரண்டு ஜன்னல் வெட்டி, வெள்ளை ஓரம் தெரியாதபடி பழையதையும் புதியதையும் அதன் வழியாகப் பாருங்கள். பகலில் நேர் வெயில் படாத ஜன்னலோரம் ஒரு முறை, இரவில் ஹால் விளக்கில் ஒரு முறை. அடுத்து அட்டையை எடுத்துவிட்டு ஓரத்தோடு பாருங்கள். மூன்றிலும் தேறுகிற தாள்தான் உங்கள் தாள்.

இன்னொரு விஷயம், பருத்தித் தாளுக்கே உரியது. தாளின் மேல் ஒட்டியிருக்கும் பஞ்சு இழை, வெட்டிய ஓரத்துத் தூசி மேல் இங்க் விழுந்து, பிறகு அது உதிர்ந்தால், கறுப்புக்கு நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்கும். அச்சிடும் முன் தாளைச் சாய்த்துப் பிடித்து, மிருதுவான அகலப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக நாலைந்து தடவை துடைத்துவிடுங்கள். புதுத் தாள் எவ்வளவு உதிர்க்கிறது என்பதையும் இந்தச் சோதனையிலேயே பார்த்துவிடலாம். ஒரு கறுப்புத் துணியில் தட்டினால் தெரியும். கடலோர ஊரில் இருந்தால் ஐப்பசி கார்த்திகையில் தாளைத் திறந்து வைக்காதீர்கள். ஈரம் குடித்துத் தாள் வளைந்தால் பிரிண்டர் தலை அதன் ஓரத்தில் உரசும்.

சரி, 30 பிரதி என்று சொன்ன வாக்கு என்ன ஆவது? அச்சுக் கலைஞர்களிடம் 'பான் அ திரே' என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. 'இப்படியே அச்சிடலாம்' என்று கலைஞர் ஒப்புதல் எழுதிய ஒரு பிரதி. பட்டறையில் வரும் ஒவ்வொரு பிரதியும் அதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் தேறும். விற்காத பழைய பிரதி உங்களிடம் ஒன்று இருந்தால் அதுதான் இனி அந்த இடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏழு தாளில் ஒன்று அதற்குப் போகட்டும், விற்பனைக்கு அல்ல. ஒன்று சோதனைக்கு வெட்டியாயிற்று. ஒன்றை அச்சிடாமல், வெளிச்சம் படாமல் உறைக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த தடவை பேப்பர் மாறும்போது டார்ச் அடித்துப் பார்க்க அது வேண்டும். மாறத்தான் போகிறது. 2013 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மார்லியில் ஃபோட்டோ பேப்பர் செய்துகொண்டிருந்த இல்ஃபோர்ட் இமேஜிங் திவாலானது. இல்ஃபோர்ட் என்ற பெயர் பிறகு வேறு கைகளுக்குப் போய் மறுபடி கடைக்கு வந்தது. அவ்வளவு பழைய பெயருக்கே அந்த நிலை என்றால் எந்தத் தாளையும் நிரந்தரம் என்று நம்ப முடியாது.

மீதி நாலு தாளில் 13-லிருந்து 16 வரை அச்சிடுங்கள். பதினேழாவது பிரதியைப் புதுத் தாளில் போட்டு, பழையதன் பக்கத்தில் வைத்து, படத்தைத் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லையென்றால் தொடருங்கள். ஆனால் படத்தோடு தரும் சான்றிதழில் தாளின் பெயரை எழுதி, 17-லிருந்து மாறியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். ஏற்கெனவே வாங்கிய 12 பேருக்கும் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். நீங்கள் காட்டிய ஆள் இரண்டில் ஒன்றைச் சட்டென்று சுட்டிக்காட்டினால், 16-டன் நிறுத்திக்கொண்டு மீதியை அச்சிடாமல் விட்டுவிடுங்கள்.