சம்பளம் நின்ற வீடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவருக்கு வேலை போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. "எட்டு மாதத்துக்குக் கவலையில்லை" என்கிறார். அதை எப்படி நம்புவது?

பதில்: நம்ப வேண்டாம், இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். தாளின் இடப்பக்கம் கையிருப்பு. இன்றைக்கே எடுக்க முடிகிற பணத்தை மட்டும் எழுதுங்கள். பழைய நிறுவனம் தர வேண்டிய பாக்கி, உறவுக்காரருக்குக் கொடுத்த கைமாற்று எல்லாம் கணக்கில் வந்து விழுந்த பிறகு எழுதிக்கொள்ளலாம். வலப்பக்கம் செலவு. இதை ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள், ஞாபகம் செலவைக் குறைத்தே சொல்லும். கடைசி 3 மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து வரி வரியாகப் பாருங்கள்.

பலரும் கோட்டை விடுவது மாதாமாதம் வராத செலவில்தான். கையில் 6 லட்சம், மாதச் செலவு 75 ஆயிரம் என்றால் 8 மாதம் ஓடும் என்று தோன்றும். இடையில் பள்ளிக் கட்டணம், காப்பீட்டு பிரீமியம், வண்டிக் காப்பீடு என்று 1.2 லட்சம் வருமானால் மிஞ்சுவது 4.8 லட்சம். ஆறரை மாதம்கூட ஓடாது. செலவை 50 ஆயிரத்துக்கு இறக்கினால் அதே பணம் ஒன்பதரை மாதம் தாங்கும். ஆனால் முதல் மாதமே இறக்க வேண்டும். "பார்க்கலாம், அதற்குள் வேலை கிடைத்துவிடும்" என்று மூன்று மாதம் பழையபடி செலவழித்தால் எட்டு மாதத்தில் காலி.

வங்கிக் கணக்கில் தானாகப் பிடித்துக்கொள்ளும் தொகைகளையும் தேதியோடு எழுதுங்கள். இருப்பு இல்லாமல் ஒன்று திரும்பினால் வங்கி ஒரு அபராதம் போடும், கடன் கொடுத்தவர் இன்னொன்று போடுவார். கட்டியே ஆக வேண்டியவற்றுக்குத் தனிக் கணக்கு வைத்து அதில் பணம் போட்டு வையுங்கள். மறந்துபோன சந்தாக்களை அன்றைக்கே நிறுத்துங்கள்.

கேள்வி: வீட்டுக் கடனில் இன்னும் 20 வருடம் பாக்கி. 6 மாதம் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கியில் சலுகை தருகிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: நிற்பது தவணை மட்டும்தான். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 9 சதவீத வட்டி, 240 தவணை பாக்கி என்று வைத்துக்கொள்வோம். 6 மாத வட்டியும் அசலில் ஏறி, பாக்கி சுமார் 4.6 சதவீதம் கூடும். பார்க்கச் சின்னத் தொகைதான். ஆனால் அதற்குப் பிறகு பழைய தவணையையே கட்டி வந்தால் கடன் முடிய 275 தவணை ஆகும். 6 மாத ஓய்வுக்கு 35 தவணை கூடுதல்! இந்தக் கட்டத்தில் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போய்விடுகிறது, அசலைத் தொடுவது ஒரு பங்கு மட்டும். அதனால்தான் ஏறிய கொஞ்சத்தைக் கரைக்க இத்தனை காலம்.

அதே வட்டியில் 60 தவணை மட்டும் பாக்கி இருக்கிற கடனை 6 மாதம் நிறுத்தினால் கூடுவது நான்கு தவணைக்குள் அடங்கிவிடும். ஆகவே வட்டி ஏறக்குறைய ஒன்றாக உள்ள இரண்டு கடன்கள் இருந்தால், முடியப்போகும் கடனை நிறுத்தி வைத்து, புதிய கடனைக் கட்டுங்கள். பலரும் "அதுதான் முடியப்போகிறதே" என்று தலைகீழாகச் செய்கிறார்கள்.

வட்டியை மட்டும் கட்டுகிறேன் என்று கேட்பதும் இப்படித்தான். 60 தவணை பாக்கி என்றால் முதல் மாதம் தவணையில் சுமார் 36 சதவீதம் கட்டினால் போதும், நல்ல மூச்சு. 240 பாக்கி என்றால் ஆறில் ஒரு பங்குதான் குறையும், அதற்காக அலைவது வீண்.

உங்களுக்கு ஒரே கடன், கையில் பணமும் இல்லை என்றால் சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள். தவணை தவறிக் கடன் வரலாற்றில் கறை விழுவதைவிட 35 தவணை மேல். முதல் தவணை தவறுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், தவறிய பிறகு பேச்சின் தொனியே மாறிவிடும். அபராத வட்டி உண்டா, கடன் வரலாற்றில் எப்படிப் பதிவாகும், பிறகு கூடப்போவது காலமா தவணைத் தொகையா, மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறேன். தவறா?

பதில்: தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். மாதம் 3 சதவீத வட்டி, குறைந்தபட்சம் 5 சதவீதம் என்றால் உண்மையில் கரைவது மாதம் சுமார் 2 சதவீதம். அட்டையை ஒரு முறைகூடத் தேய்க்காமல் இருந்தாலும் கடன் பாதியாக 32 மாதம் ஆகும். மாதம் 3 என்பது வட்டிக்கு வட்டி சேர்ந்து வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்குப் பொதுவாக வட்டியில்லாக் காலமும் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அட்டையை எடுத்து வைத்துவிட்டு, பாக்கியைக் குறைந்த வட்டித் தவணைக் கடனாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: காப்பீட்டு பிரீமியத்தை நிறுத்தலாமா?

பதில்: மருத்துவக் காப்பீட்டை வேண்டாம். நிறுவனம் கொடுத்த குழுக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது என்று இன்றே கேளுங்கள். தனியாக எடுக்கும் புதிய பாலிசியில், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கலாம். சேமிப்பு கலந்த ஆயுள் பாலிசி என்றால், இதுவரை கட்டியதற்கேற்பக் காப்புத்தொகையைக் குறைத்துக்கொண்டு பிரீமியத்தை நிறுத்த வழி உண்டா என்று விசாரியுங்கள். சரண்டர் செய்வது, அதாவது பாலிசியை இடையிலேயே முடித்துப் பணத்தை வாங்கிக்கொள்வது, கடைசி வழி.

கேள்வி: ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலியில் 10 ஆயிரம் வாங்கலாம் என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: செயல்பாட்டுக் கட்டணம் என்று முதலிலேயே 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தந்து, 30 நாளில் 10 ஆயிரம் கேட்டால் வட்டி மாதம் 17 சதவீதத்துக்கு மேல். கைக்கு எவ்வளவு வரும், திருப்புவது எவ்வளவு, எத்தனை நாளில் என்பதை மட்டும் பாருங்கள், விளம்பரத்தில் உள்ள சதவீதத்தை விடுங்கள். உங்கள் போனில் உள்ள தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி கேட்கிற செயலி என்றால் அந்த இடத்திலேயே நீக்கிவிடுங்கள். நாள் தவறினால் அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் போன் போகும். அந்த நண்பரிடமே கைமாற்றாகக் கேட்டு, திருப்பித் தரும் தேதியை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.