ரிசார்ட் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம், ஃப்ரெண்ட்ஸ் ரீயூனியனுக்கு கொங்கு பக்கம் வீரர்கள் நினைவிடங்கள ரெண்டு நாள் சுத்தலாமா, போரடிக்குமா?

போரடிக்கும்ங்க, நீங்க லிஸ்ட் போட்டுட்டு போனா. ஒவ்வொரு மணிமண்டபமா எறங்கி, சிலை முன்னாடி குரூப் போட்டோ எடுத்து, திரும்ப வண்டி ஏறி அடுத்த மண்டபம்னு போனீங்கன்னா மத்தியானச் சோத்துக்கு அப்பறம் பாதிப்பேரு வண்டிலயே தூங்கிருவாங்க. அதனால ஒரே ஒரு ஆள புடிச்சுக்குங்க. அவரு பொறந்த ஊர்ல ஆரம்பிச்சு, சண்டை போட்ட எடம் வழியா, செத்த எடத்துல முடிங்க. எங்க பாலிடெக்னிக் செட்டு பொங்கல் லீவு ஒட்டி இப்படித்தான் வெள்ளக்காரன எதிர்த்து சண்டை போட்ட தீரன் சின்னமலைய புடிச்சுட்டு போனோம், ஒரு டெம்போ டிராவலர் ஃபுல்லா ஆளு.

எல்லாரும் கூடுன எடம் திருப்பூர். ட்ரெயின்ல வர்றவனுக்கு வசதி. ஸ்டேஷனுக்கு பக்கத்துலயே குமரன் நினைவகம் இருக்கு, லேட்டா வர்றவனுக்காக காத்துட்டு இருக்கற நேரத்துல அத பாத்துட்டோம். 1932 ஜனவரி 10 ஊர்வலத்துல போலீஸ் அடிச்சு மண்ட ஒடஞ்சு, மறுநாளு ஆஸ்பத்திரில செத்தப்ப அவருக்கு 27 வயசு. எங்க செட்ல ஒருத்தன் மகனுக்கு இப்ப அதே வயசு, அவன் அத கணக்கு போட்டு சொன்னதும் சித்த நேரம் யாரும் பேசல. ஆனா குமரன் கதை வேற, நூறு வருசத்துக்கும் மேல தள்ளி நடந்தது. ரெண்டையும் ஒண்ணா கலக்க வேண்டாம்னு அதோட விட்டுட்டோம்.

அங்கிருந்து காங்கேயம். பக்கத்துல மேலப்பாளையம்தான் சின்னமலை பொறந்த ஊரு, வருசம் 1756. தீர்த்தகிரிங்கறதுதான் நெசப்பேரு. மைசூருக்கு போயிட்டிருந்த வரிப்பணத்த வழிமறிச்சு புடுங்கிட்டு, கேட்டா சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவுல ஒரு சின்னமலை வாங்கிட்டான்னு போய்ச் சொல்லுங்கன்னு சொல்லி அனுப்புன கதை நம்ம பக்கம் சின்னப்புள்ளைகளுக்குக்கூட தெரியும். புக்குல படிக்கறப்ப அது வெறும் வசனம். காங்கேயம் சென்னிமலை ரோட்டுப் பக்கம் வண்டிய ஓரங்கட்டிட்டு, முன்னாடி ஒரு மலை பின்னாடி ஒரு மலைன்னு பாத்தாத்தான் அந்தாளு லொள்ளு புரியும். சிவன்மலை போறதா இருந்தா கோயில் உத்தரவுப் பெட்டில (பக்தர் கனவுல சாமி கேட்ட பொருள வெக்கற பெட்டி) இப்ப என்ன வெச்சிருக்காங்கன்னு எட்டிப் பாத்துட்டு வாங்க, அதுக்கே தனியா ஒரு மணி நேரம் பேச்சு ஓடும்.

இதுல எங்களுக்குள்ள நடந்த பெரிய சண்டை என்னன்னா, மைசூர் வரிய புடுங்குன அதே ஆளு பின்னாடி எப்படி திப்பு சுல்தான் பக்கம் நின்னாருங்கறது. வாத்தியாரா இருக்கற ஃப்ரெண்டு ஒருத்தன் சொன்னான், வரி புடுங்குன காலத்துல எதிரி மைசூரு, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் உள்ள வந்ததுக்கு அப்பறம் எதிரி மாறிருச்சு, அவ்ளோதான்னு. 1799ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு செத்ததும் இவரு ஊரு திரும்பி ஓடாநிலைல கோட்டை கட்டி, பிரெஞ்சுக்காரங்க ஒத்தாசையோட பீரங்கி செஞ்சாருன்னு சொல்லுவாங்க. மைசூரே போனதுக்கு அப்பறமும் அடங்காம, காவிரிக் கரை, ஓடாநிலை, அரச்சலூர்னு 1801, 1802, 1804ல மூணு சண்டை, மூணுலயும் கம்பெனிப் படை தோத்துச்சு. வண்டில இத பேச ஆரம்பிச்சதுல டீக்கு நிறுத்தறதயே மறந்துட்டோம்.

ஓடாநிலை அரச்சலூர்ப் பக்கம். இத ஒடச்சே சொல்லிடறேன், கோட்டைய தேடிட்டு போகாதீங்க. வெள்ளக்காரன் பெரிய படையோட வந்து பாத்தப்ப உள்ள யாரும் இல்ல, அந்தக் கடுப்புல கோட்டைய தரைமட்டமாக்கிட்டான். இப்ப அரசாங்கம் கட்டுன மணிமண்டபமும் சிலையும்தான். சுத்தமா இருக்கு, நல்லாவும் வெச்சிருக்காங்க, ஆனா அரை மணி நேரத்துக்கு மேல ஆகாது. சின்னமலை நினைவு நாளு ஆடி 18, அன்னிக்கு மட்டும் போயிராதீங்க, கட்சிக்கொடி கட்டுன கார் வரிசைலயே உங்க ரீயூனியன் முடிஞ்சிரும். அதே பக்கந்தான் பொல்லானுக்கும் நினைவு மண்டபம். சின்னமலைக்கு வேவு பாத்து தகவல் சொன்னதுக்காக வெள்ளக்காரன் சுட்டுக் கொன்ன ஆளு. ரொம்ப வருசமா அவரு பேரு மேடைல பெருசா வராம இருந்துச்சு, இப்பத்தான் வருது. அதயும் சேத்துப் பாருங்க. ஒருத்தர மட்டும் கும்புட்டுட்டு அவருக்காக செத்தவர விட்டுட்டு வந்தா கதை பாதிதான்.

ஒரு தகராறு அங்க வரும், இப்பவே சொல்லி வெச்சிடறேன். சின்னமலைய தூக்குல போட்டது 1805 ஜூலை 31ன்னு ஒருத்தன் சொல்லுவான், இல்ல ஆடி 18ன்னு இன்னொருத்தன் சொல்லுவான், ஆடி 18 ஆகஸ்ட் மொத வாரத்துல தானடா வருதுன்னு மூணாவது ஆளு போனை எடுப்பான். ரெண்டும் சரிதான். நம்ம பஞ்சாங்க வருசம் இங்கிலீஷ் காலண்டர் வருசத்தவிட துளி நீளம், 60 வருசத்துக்கு ஏறக்கொறைய ஒரு நாளு தள்ளிட்டே வரும். இப்ப ஆகஸ்ட் 2, 3ல வர்ற ஆடிப்பெருக்கு இருநூறு வருசத்துக்கு முந்தி ஜூலை கடைசில வந்திருக்கும். ஜாதகம் பாக்கற எங்க செட்டு ஆளு இத சொன்னப்ப மொதத் தடவையா அவன எல்லாரும் மரியாதையா பாத்தாங்க.

ராத்திரி ஈரோட்ல தங்கிக்குங்க. பொழுதோட பள்ளிபாளையம் போய் சிக்கன் சாப்புடுங்க, வரமொளகா, சின்ன வெங்காயம், தேங்காப்பல்லு போட்டது. வேற எதயும் கேக்காதீங்க.

ரெண்டாவது நாளு சங்ககிரி மலைக்கோட்டை. டிரிப்போட உசுரே இதுதான், முழுநாள ஒதுக்குங்க. சாப்பாட்டுக் கடைன்னு மேல ஒண்ணும் கெடயாது, தண்ணி நீங்கதான் தூக்கிட்டு போவோணும், கொரங்கு இருக்குது, கைல பை தொங்குனா புடுங்கிரும். வெடியால ஏறிருங்க, வெயில் ஏறுனா பாறை சுடும்.

எங்க கூட ஒரு மிலிட்டரிக்காரன் இருந்தான், ஹவில்தாரா ரிட்டயர் ஆனவன். மொத நாளு பூரா வாயத் தொறக்கல, மண்டபம்னாலே அவனுக்கு ஆகாது. சங்ககிரில ரெண்டாவது வாசல் தாண்டுனதும் ஆளே மாறிட்டான். எங்கள நிறுத்தி காட்டுனான் பாருங்க, வாசல் நேரா இருக்காது, திரும்பித் திரும்பித்தான் வரும், யானைய வெச்சு முட்டோணும்னாலும் ஓடி வர்றதுக்கு எடம் கெடைக்காது. ஒரு வாசல ஒடச்சு உள்ள வந்தவன் மூச்சு வாங்கிட்டு நிக்கற எடத்துல, மேல இருக்கற மதில்லருந்து கல்லு உருட்டுனாலே போதும். விஜயநகரக் காலத்துல கட்டுனது, அப்பறம் மைசூர்க்காரங்க கைல, அதுக்கப்பறம் கம்பெனி. ஒவ்வொருத்தனும் அவனவன் பங்குக்கு சேத்துக் கட்டிருக்கான். பெருமாள் கோயிலும் இருக்கு, தர்காவும் இருக்கு. மூச்சு வாங்கிட்டே ஏறுனப்ப ஒருத்தன் கேட்டான், ஏண்டா இவ்ளோ பெரிய கோட்டைய வெச்சிருந்தவனுக்கு ஒரு ஆள சண்டைல புடிக்க முடியலயான்னு. மிலிட்டரிக்காரன் சொன்னது, சண்டைல புடிக்க முடியாதவன சோத்துலதான் புடிப்பாங்கன்னு. பழநிப் பக்கம் கருமலைல ஒளிஞ்சிருந்தப்ப சமையல்காரன் நல்லப்பன் காட்டிக் குடுத்துத்தான் மாட்டுனாங்கன்னு சொல்றாங்கல்ல, அத சொன்னான்.

சின்னமலை, தம்பிங்க பெரியதம்பி, கிலேதார், கூட இருந்த கருப்பசேர்வை, எல்லாத்தயும் இந்த மலைலதான் தூக்குல போட்டது. அந்த எடத்துல எங்காளுக என்ன பண்ணுவாங்களோன்னு எனக்கு கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு, ஏன்னா எங்க செட்டு எங்க போனாலும் ரவுசு. யாரும் போட்டோவுக்கு நிக்கல. லாரி ஆபீஸ் வெச்சிருக்கற சங்ககிரிக்காரன் மட்டும், நான் இந்த ஊர்லயே இருக்கறன், ஸ்கூல் படிக்கறப்ப ஏறுனதோட செரி, இன்னிக்குத்தான் திரும்ப வர்றேன்னு சொன்னான்.

வயசான ஆளுக, முட்டி வலி இருக்கறவங்க வந்தா மேல வரைக்கும் கட்டாயப்படுத்தாதீங்க, கீழ ஊருக்குள்ளயே நினைவுச்சின்னம் இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள எறங்கிருங்க. எறங்குனதும் ஒருத்தரும் நடக்கற நெலமைல இருக்க மாட்டீங்க, அதனால திரும்பற ட்ரெயின ஈரோட்லருந்து ராத்திரி வண்டியா போட்டுக்குங்க.