பழைய ஃபைபர் படகின் விளிம்பில் மரச்சட்டம் பொருத்துவது எப்படி?

வேலூரில் பழைய சின்ன ஃபைபர் படகு ஒன்றைச் சீர்செய்வதாகவும், உளுத்த விளிம்பு மரத்தை மாற்ற வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள்.

தேக்கு ரீப்பர் வாங்குங்கள், கணு இல்லாததாக. தடித்த ஒரே கட்டையை முன்பக்க வளைவில் மடக்கினால் பிளந்துவிடும். கால் அங்குலப் பட்டைகளாக அறுத்து, நடுவே எபாக்சி (இரண்டு பொருளைக் கலந்தால் இறுகும் பசை) தடவி, படகிலேயே கிளாம்ப் போட்டு வளையுங்கள். படகின் உடம்போடு சட்டம் ஒட்டாமலிருக்க அடியில் பாலித்தீன் தாள் விரியுங்கள். தேக்கில் எண்ணெய் அதிகம். அசிட்டோனால் துடைத்த உடனே ஒட்டினால்தான் பிடிக்கும். நம்மூர் மே மாத வெயிலில் எபாக்சி கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும், ஆகவே விடிகாலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

பலர் கோட்டைவிடுவது திருகுத் துளையில். படகிலுள்ள பழைய துளைகளை எபாக்சியால் அடைத்துவிட்டுப் புதிதாகத் துளையிடுங்கள். எபாக்சி இறுகியதும் சட்டத்தைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடித்த பிறகே மாட்ட வேண்டும். சட்டத்துக்கும் படகுக்கும் இடையில் பாலிசல்ஃபைடு சீலன்ட் (ரப்பர் போல இறுகி நீர்க்கசிவைத் தடுக்கும் பசை) வையுங்கள். சிலிக்கான் வேண்டவே வேண்டாம், அது பட்ட இடத்தில் பின்னால் வார்னிஷ் ஒட்டாது. சீலன்ட் ஓரத்தில் லேசாகப் பிதுங்கியதும் திருகை முடுக்குவதை நிறுத்துங்கள். முழுக்க நசுங்கினால் தண்ணீரைத் தடுக்க அங்கே ஒன்றும் மிஞ்சாது.

இரும்புத் திருகு துருப்பிடித்து மரத்தையும் கறுக்கடிக்கும். ஏலகிரி ஏரி மாதிரி நன்னீருக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு போதும், கடலுக்கென்றால் 316 ரகம்.