மோட்டார் சுற்றுகிறது, கால் நகரவில்லை: பழைய தகர ரோபோவை எப்படிச் சரிசெய்வது?

கூத்தாநல்லூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "1960களின் இறுதியில் அத்தா சிங்கப்பூரிலிருந்து ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்தபோது எனக்கு வாங்கி வந்த ஜப்பான் தகர ரோபோ இது. பேரனுக்குக் காட்டலாம் என்று பேட்டரி போட்டேன். 'கீய்ங்' என்று சத்தம் வருகிறது, நெஞ்சில் உள்ள விளக்கும் பளிச்சென்று எரிகிறது. கால் மட்டும் அசையவில்லை. திருவாரூரில் ஒரு கடையில் காட்டினேன். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுப் புது மோட்டார் வைத்து, 9 வோல்ட் பேட்டரி போட்டுத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம் அம்மா. உங்கள் மோட்டார் நன்றாக இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் அந்தச் சத்தமும் விளக்கின் வெளிச்சமுமே அதற்குச் சாட்சி.

இந்த ரோபோக்களில் பெரும்பாலானவை டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய பேட்டரி கட்டை இரண்டில் ஓடுபவை. ஆக மொத்தம் 3 வோல்ட். கட்டைகள் முதுகில் இருக்கும்; சில ரோபோக்களில் காலுக்கு ஒன்றாக உள்ளே இறங்கும். மோட்டாரும் விளக்கும் ஒரே கட்டையிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. கியர் எங்காவது இறுகி மோட்டார் திணறினால், அது மின்சாரத்தை அள்ளி இழுக்கும். விளக்கு மங்கும், சத்தம் 'உர்ர்' என்று கனமாகக் கேட்கும், கட்டையும் சுடும். உங்களுக்கு அப்படி இல்லை. வெளிச்சம் குறையாமல் கீச்சென்று கத்துகிறது என்றால் மோட்டார் எந்தச் சுமையும் இல்லாமல் வெறுமனே சுற்றுகிறது என்று பொருள். மோட்டாருக்கும் கியருக்கும் நடுவில் பிடி விட்டுப் போயிருக்கிறது.

பிடி விடுகிற இடம் அநேகமாக ஒன்றுதான்: மோட்டார் தண்டின் நுனியில் இருக்கும் குட்டிப் பல்சக்கரம், பினியன். பல ரோபோக்களில் இது நைலான் போன்ற பிளாஸ்டிக்கில் செய்தது. தண்டைவிடக் கொஞ்சம் சிறிய துளை போட்டு, இறுக்கி ஏற்றியிருப்பார்கள். அந்த இறுக்கம்தான் பிடி. ஆனால் ஐம்பது அறுபது வருடம் அதே இழுவிசையில் இருந்தால் பிளாஸ்டிக் வறண்டு சுருங்கி, இரண்டு பல்லுக்கு நடுவில் மயிரிழை மாதிரி விரிசல் விடும். பிறகு தண்டு சுற்றும், பினியன் சும்மா நிற்கும். இதற்கு 9 வோல்ட் கொடுத்தால் தண்டு இன்னும் வேகமாக வழுக்கும், அவ்வளவுதான். தப்பித்தவறி பிடித்துக்கொண்டால் அடுத்த கியரின் பல் போகும், மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளும் (ஆர்மேச்சர் காயில்) கருகும்.

திறப்பதுதான் மிகவும் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. திருகாணி இருந்தால் நல்லது. பெரும்பாலும் தகரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் காதுகளை வெட்டி, எதிர்ப்பக்கத் துளையில் நுழைத்து மடித்திருப்பார்கள். ஒவ்வொரு முறை நிமிர்த்தும்போதும் அந்தக் காது பலம் இழக்கும். சில முறை மடித்து நிமிர்த்தினாலே ஒடிந்துவிடும். அதனால் எல்லாக் காதையும் திறக்காதீர்கள். மோட்டார் இருக்கும் பக்கம் எது என்று பேட்டரி மூடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தேவையானதை மட்டும் திறங்கள். காதுக்குப் பக்கத்தில் தகரத்தில் அச்சிட்டிருக்கும் சித்திரத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, மழுங்கிய மெல்லிய கத்தி நுனியால் காதை மெதுவாகத் தூக்குங்கள். துளையில் நுழையும் அளவுக்கு நிமிர்ந்தால் போதும். விளக்குக்குப் போகும் ஒயர் குட்டையாக இருக்கும். சட்டென்று பிரித்தால் ஈயப்பற்று விட்டுவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது அதுதான் துணை. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். துருவைத் தட்டும்போது முகக்கவசம் போடுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள், பேரனை அந்த நேரத்தில் பக்கத்தில் விடாதீர்கள்.

உள்ளே பினியனைப் பார்த்ததும் ஃபெவிக்விக் எடுக்கத் தோன்றும். வேண்டவே வேண்டாம். இந்த வகைப் பிளாஸ்டிக்கில் அது நிலைத்துப் பிடிக்காது. தண்ணீர் போல ஓடி மோட்டார் தண்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷுக்குள் இறங்கினால் நல்ல மோட்டாரும் உறைந்து போகும்.

விரிசல் இல்லை, வெறுமனே தளர்ந்திருக்கிறது என்றால் தண்டின் நுனியை ஓர் அரத்தின் மேல் வைத்து, இன்னொரு அரத்தால் அழுத்தி உருட்டுங்கள். தண்டில் சின்னச் சின்னத் தழும்பு விழும், பினியன் மறுபடி கவ்விக்கொள்ளும். விரிசல் இருந்து, பல்லை ஒட்டி வழுவழுப்பான கழுத்துப் பகுதியும் இருந்தால், அதைச் சுற்றி ஒரு பித்தளை வளையம் ஏற்றி இறுக்கலாம். உங்களுக்கு இதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குக்குக் கடைசல் பிடிப்பவர்களிடம் அளவு கொடுத்தால் வளையம் கடைந்து வாங்கலாம். பித்தளையில் பினியனே செய்து கேட்காதீர்கள். பல் வெட்டுவதற்குத் தனி இயந்திரம் வேண்டும், கடைசலில் ஆகாது.

கழுத்தும் இல்லையென்றால் புதுப் பினியன்தான். இன்றைய பொம்மைகளில் அதிகம் புழங்குவது 0.5 மாட்யூல் (மாட்யூல் என்பது பல்லின் பருமனைக் குறிக்கும் அளவு). கணக்கு எளிது: பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, 0.5-ஆல் பெருக்கினால் வெளிவிட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 8 பல் என்றால் 5 மி.மீ., 10 பல் என்றால் 6 மி.மீ. வெர்னியர் அளவுகோலில் அளந்து பாருங்கள். விரிசல் விட்டது கொஞ்சம் அகன்றிருக்கும் என்பதால் ஒரு மயிரிழை கூடுதல் காட்டினால் பரவாயில்லை. கணக்குக்குச் சம்பந்தமே இல்லாத அளவு வந்தால் அது வேறு மாட்யூல். அதைக் கட்டாயப்படுத்தி மாட்டினால் அடுத்த கியரைத் தின்றுவிடும். பல் எண்ணிக்கையையும் மாற்றாதீர்கள், நடையின் வேகம் மாறிவிடும். சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் கலப்புப் பாக்கெட்டாகக் கிடைக்கும். ஏற்றுவதற்கு முன் கொதிக்கும் வெந்நீரில் போட்டு எடுங்கள். பிளாஸ்டிக் இளகி விரிந்திருக்கும்போது தண்டில் நேராக அழுத்தினால் புதிதாக விரிசல் விடாது.

திறந்தது திறந்தாயிற்று, பழைய கிரீஸையும் எடுத்துவிடுங்கள். பழுப்பேறிப் பிசின் மாதிரி இறுகியிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, துணியால் ஒற்றி உலர விடுங்கள். வெளிச்சித்திரத்தில் ஒரு துளி படக் கூடாது. பெட்ரோல், தின்னர் இரண்டும் ஆகாது, சில பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பிறகு அச்சு சுழலும் புஷ்களில் ஊசி நுனியால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பற்களில் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற சிலிகான் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு. தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. அது மார்கழிக் குளிரில் உறையும், நாளாவட்டத்தில் பிசுக்காகும். மோட்டாருக்குள் கம்பிச்சுருளுக்கு மின்சாரம் ஏற்றும் செம்புத் துண்டுகளான கம்யூட்டேட்டரில் எந்த எண்ணெயும் படாமல் பாருங்கள்.

பேட்டரி முனைகளையும் ஒரு பார்வை பாருங்கள். பழைய சாதாரணக் கட்டை கசிந்த கறையானால் சமையல் சோடாவை நீரில் குழைத்துத் துடையுங்கள். அல்கலைன் கட்டை கசிந்த வெள்ளைப் பூப்பென்றால் அதற்கு எலுமிச்சைச் சாறு. இரண்டுக்கும் பின் ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காய வைக்க வேண்டும்.

மூடுவதற்கு முன் பாதத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள். அங்கே உள்ள குட்டிச் சக்கரங்கள் சைக்கிள் ஃப்ரீவீல் போல ஒரு பக்கம்தான் சுற்ற வேண்டும். முன்னால் தள்ளும்போது உருளும், பின்னால் இழுத்தால் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டில் ஊன்றித்தான் ரோபோ முன்னேறுகிறது. தலைமுடி சுற்றியோ துருவேறியோ அது இரண்டு பக்கமும் சுற்றினால் கால் ஆடும், ரோபோ நின்ற இடத்திலேயே நிற்கும். இதைக் கவனிக்காமல் மூடிவிட்டு மறுபடி காதுகளைத் திறப்பது தகரத்துக்குக் கொடுமை.

முதல் சோதனைக்கு ரீசார்ஜ் கட்டை இரண்டு போடுங்கள். ஒன்று 1.2 வோல்ட்தான் என்பதால் 2.4 வோல்ட்டில் மெதுவாக ஓடும், கோளாறு இருந்தாலும் உடையும் ஆபத்து குறைவு. வழுவழுப்பான மொசைக் தரையில் விடாமல் சிமெண்ட் தரையில் விடுங்கள். ஒரு விஷயம்: சில ரோபோக்கள், குறிப்பாக எஸ்.எச். என்ற குறியிட்ட ஹொரிகாவா தயாரிப்புகள், கொஞ்சம் நடந்து, நின்று, நெஞ்சுக் கதவைத் திறந்து துப்பாக்கியை மின்னவிட்டு, மறுபடி நடக்கும். அந்த நிறுத்தம் கோளாறு இல்லை. அதைச் 'சரிசெய்ய' யாரையும் விடாதீர்கள்.

முடிந்ததும் கட்டைகளைக் கழற்றிவிட்டு, மூடியுள்ள டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கடற்காற்றில் உப்பு ஈரம் அதிகம். பினியன் தேட சிரமமாக இருந்தால், பழைய பினியனின் பல் எண்ணிக்கை, வெளிவிட்டம், தண்டின் தடிமன், பாதத்திலோ முதுகிலோ இருக்கும் கம்பெனிக் குறி ஆகிய நான்கையும் எழுதி அனுப்புங்கள். எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.